தேனம்மையின் நோட்டு

என் பெயர் தேனம்மை.
முதல் ரிசல்ட்டைக் கையில் கொடுத்த லேப் பையன்
பெயரைப் படித்தான், எண்ணைப் படித்தான்,
சிரிப்பை அடக்கப் பார்த்தான்.
அவன்மேல் தப்பில்லை.
ஒன்பது வருஷமாகக் காரைக்குடியில் பாதிப்பேர்
அந்த ஜோக்கைத் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்து
எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
நானும் ஒவ்வொரு தடவையும்
புதிதாய்ச் சிரித்திருக்கிறேன்.

செக்காலை ரோட்டில்
நகைக்கடன் கவுண்டர் என்னுடையது.
உரைகல், அமிலம், மில்லிகிராம் தராசு.
அடுத்தவர் கழுத்துச் சங்கிலியின் மாற்றை
ஒரே கோட்டில் சொல்லிவிடுவேன்.
காலை ஆறரைக்கு
என் விரல்நுனியை நானே உரசிப் பார்க்கிறேன்.
ஒரு துளி.
ஐந்து நொடி.
அது வெறும் எண்தானாம், டாக்டர் சொல்கிறார்.
எனக்கென்னவோ அது மார்க்.
நேற்று ராத்திரி நின்றபடியே தின்ற சீப்புச்சீடைக்கு,
பெரியவன் ஹாஸ்டலில் போன் எடுக்காததற்கு,
ஒன்றுமே செய்யாத நாளுக்கும்கூட.

262ஐ ஒருநாள் 162 என்று எழுதினேன் நோட்டில்.
முதல் எழுத்தை மட்டும்தான் மாற்றினேன்.
கணக்கில் இருபது பைசா உதைத்தால்
ஏழு மணிவரை உட்கார்ந்து தேடுகிறவள் நான்.

பள்ளத்தூர்க் கல்யாணம்.
பந்தியில் பால்பணியாரம் வந்தது.
நான் வாயைத் திறக்குமுன்
எதிர் இலையிலிருந்து நாத்தனார் சிகப்பி:
"அவளுக்கு வைக்காதீங்க, சுகர்."
கரண்டி என்னைத் தாண்டிப் போனது.
வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.
அந்த 'வேண்டாம்' என்னுடையது.
அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை.
மெய்யப்பன் என் இட்லியை எண்ணுகிறார்.
மகள் வாட்ஸப்பில் வெந்தயம் அனுப்புகிறாள்,
ஆவாரம்பூ அனுப்புகிறாள்,
தினம் எட்டு மைல் நடக்கும்
தொண்ணூறு வயதுக்காரரை அனுப்புகிறாள்.
கோபப்பட்டால், "ஏறியிருக்கும், டெஸ்ட் பண்ணு" என்கிறார்கள்.
சில சமயம் ஏறித்தான் இருக்கிறது.
அதுதான் இன்னும் எரிச்சல்.

ராத்திரி இரண்டரை.
உடம்பு நனைந்து, கை நடுங்கி,
இருட்டில் சீனி டப்பாவைத் துழாவுகிறேன்.
லைட் எரிகிறது.
"என்ன திங்கிற?"
பதில் சொல்ல முடியவில்லை,
வாய் நிறையச் சீனி.

போன செவ்வாய் மத்தியானம்
கரண்ட் போய் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.
கண்டனூரிலிருந்து ஒரு அம்மாள்,
பாஸ்புக்கில் பாண்டியம்மாள்,
தோட்டைக் கழற்றி வைத்தாள். மூன்றே முக்கால் கிராம்.
இடதுகாலில் துணிச்செருப்பு, உள்ளே கட்டு.
"எதுக்கு லோன்?"
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.
"ரெண்டு விரல் எடுத்தாச்சு. மூணாவதைக் காப்பாத்தலாங்கிறாக."
என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த
இன்சுலின் பேனாவைப் பார்த்தாள்.
"எத்தனை வருசம்?"
"ஒன்பது."
அடுத்து பாகற்காய் வரும் என்று காத்திருந்தேன்.
காலைப் பாத்துக்கங்க என்பது வரும்.
"சலிச்சுப் போகுதுல்ல" என்றாள்.

டிஜிட்டல் தராசு, ஆடக் கூடாது.
எனக்கு எண் ஆடியது.
தோட்டை எடுத்து மறுபடி வைத்தேன்.
"ஆமா" என்றேன். பிறகு, "ரொம்ப."
பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.
ரசீதை மடித்துப் பையில் செருகிக்கொண்டு
வெறும் காதோடு வெயிலில் இறங்கினாள்,
ஒரு காலை ஊன்றி,
மறுகாலை யோசித்து.

மறுநாள் 248.
248 என்றே எழுதினேன்.
பக்கத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
இத்தனை நாளும் காலியாய்க் கிடந்தது.
பொடி எழுத்தில் அதில் எழுதினேன்: சலிப்பு.
டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும்.
அதற்கும் நார்மல் எவ்வளவு என்று சொல்லட்டும்.

பதினாலு யூனிட்.
நேற்றைய இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி.
அதற்குள்
அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.